ஆகியோரின் அன்புத் தந்தை

புருசெத், ஒஸ்லோ
18.02.2024

அன்புத் தம்பி ஆன்ட்ரியாஸுக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் உடம்பளவில் சுகமாயிருக்கிறோம். உன் இரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? மருந்தை நேரத்துக்கு எடுக்கிறாயா?

ஜோர்ஜ் அண்ணாவின் முப்பத்தோராம் நாள் திருப்பலி நல்லபடியாக முடிந்தது. உன் வதிவிட அட்டை புதுப்பித்துக் கிடைக்காததால்தான் நீ வரவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் குறை சொல்லவில்லை. அடக்கத்தன்று மண் கல்லாய் உறைந்து கிடந்தது. முதல் நாளே நிலத்தைச் சூடாக்கித்தான் குழி வெட்டினார்கள். கோயில் கொள்ளாத சனம். அண்ணா இருபத்தாறு வருடம் பராமரிப்பாளராக இருந்த பள்ளிக்கூடத்திலிருந்து நோர்வேஜிய ஆசிரியர்களும் வந்திருந்தார்கள்.

மலர் அண்ணிக்குத் தன் வீட்டில் இருக்க முடியவில்லையாம். அன்றிலிருந்து என்னுடன்தான் இருக்கிறார். தொலைபேசியில் நீ அழைத்தால் அவரும் பக்கத்தில் இருந்து அழுகிறார். அதனால்தான் கடிதம் எழுதுகிறேன்.

ஒரு காரியம் கேட்கிறேன். ஆண்டுத் திருப்பலிக்கு ஒரு நினைவு மலர் அடிக்க, பிள்ளைகள் றஜீவும் டிலக்சியும் விரும்புகிறார்கள். அண்ணாவின் வாழ்க்கை வரலாற்றை நீதான் எழுத வேண்டும். பத்திரிகைக்காரன் வீட்டில் இருக்கும்போது வேறு யாரிடம் கேட்பது? நாலு பக்கம் போதும்.

உன் பதிலை எதிர்பார்த்திருக்கும்
அக்கா யூலியா

---

ஹார்லன் க்ரீக், அலபாமா
20.03.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் பதினெட்டு நாளில் வந்து சேர்ந்தது. நான் சுகம். மருந்தும் எடுக்கிறேன். அண்ணியை இரவில் தனியே விடாதீர்கள்.

அண்ணாவைப் பற்றி எழுதுவேன். அதை நீங்கள் கேட்கவும் வேண்டுமா? என் வேலையே இறந்தவர்களைப் பற்றி எழுதுவதுதான். எங்கள் ‘ஹெரால்ட்’ வாரப் பத்திரிகையில் இப்போது மூன்று பேர்தான் இருக்கிறோம். மரணச் செய்தி எல்லாம் என் மேசைக்கு வரும். இந்த நாட்டில் புதிதாகச் சேருகிற நிருபரை முதலில் அந்த மேசையில்தான் இருத்துவார்கள். ஒரு மனிதனின் பெயரைப் பத்திரிகை கடைசியாக எழுதுகிற இடம் அது, அங்கே எழுத்துப் பிழை விட்டவன் வேறெங்கும் உருப்பட மாட்டான் என்பார்கள். குடும்பம் சொன்னாலும், அடக்கம் நடத்தும் சவச்சாலைக்கு ஒருமுறை தொலைபேசியில் அழைத்து உறுதி செய்யாமல் அச்சுக்கு விட மாட்டோம். உயிரோடு இருக்கிறவரைச் செத்தவராக்கி விளையாடுகிற ஆட்களும் உண்டு.

இந்த வருடம் எங்களுக்கு இன்னொரு வேலையும் சேர்ந்திருக்கிறது. இந்தத் தெற்குப் பக்கத்துப் பத்திரிகைகள் பல, ஒரு காலத்தில் கறுப்பின மக்களின் சாவைப் போடவே மாட்டா. போட்டாலும் தனியாக ஒரு மூலையில் போடும். பெண்களுக்குத் ‘திருமதி’ என்ற சொல்லைக்கூடக் கொடுக்கமாட்டா. எங்கள் பத்திரிகையும் அப்படித்தான் இருந்தது. ஆசிரியரும் நானும் பழைய தொகுதிகளைப் புரட்டி, அன்று விடுபட்டவர்களின் மரணச் செய்தியை இப்போது வாரம் ஒன்றாக எழுதி வருகிறோம். இணையத்திலும் போடுகிறோம்.

எல்லாக் குடும்பங்களிடமும் கேட்கிற கேள்விகளையே உங்களிடமும் கேட்கிறேன். கோபிக்க வேண்டாம். பிறந்த திகதி, படித்த பள்ளி, நோர்வேக்கு வந்த ஆண்டு, எந்தெந்த ஊரில் என்ன வேலை, இன்று உயிரோடு இருக்கிற உறவுகள் யார் யார்? முழுப் பெயர்களும் வேண்டும்.

அன்புடன்
தம்பி ஆன்ட்ரியாஸ்

---

புருசெத்
30.04.2024

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை அண்ணிக்கும் வாசித்துக் காட்டினேன். சுகமாயிருக்கிறாய் என்றறிந்து ஆறுதலாயிருக்கிறது. இங்கே பனி கரைந்து, வழுக்காமலிருக்கத் தூவிய சரளைக்கல்தான் நடைபாதையெல்லாம். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஜூலையோடு ஓய்வு தருகிறார்கள்.

நீ கேட்டவை: பிறப்பு 11.09.1958, மன்னார். 1986இல் கல்யாணம். 1987இல் நோர்வே. வடக்கே, பின்மார்க்கில் ஒரு மீன் தொழிற்சாலையில் ஆறு வருடம். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, மீன் வெட்டியதுதான். 1993இல் அண்ணி வந்தார், அண்ணாவும் ஒஸ்லோவுக்கு வந்துவிட்டார். பிறகு பள்ளிக்கூட வேலை. கோயில் பாடகர் குழுவில் தபேலா வாசிப்பார். பிள்ளைகளின் சைக்கிள் உடைந்தால் பெற்றோருக்கு முன் அவரிடம்தான் ஓடி வருவார்கள். இதையெல்லாம் விரிவாக எழுது.

உறவுகள்: மனைவி புஷ்பமலர். பிள்ளைகள் றஜீவ், டிலக்சி. சகோதரங்கள் நீயும் நானும். அவ்வளவுதான்.

உன் அக்கா
யூலியா

---

ஹார்லன் க்ரீக்
02.06.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஓய்வு கிடைக்கப் போகிறதென்பது நல்ல சேதி. அந்தக் கால்களுக்கு அது எப்போதோ தேவைப்பட்டது.

எழுதிய நாலு பக்கத்தையும் இத்துடன் வைத்திருக்கிறேன். அச்சாகுமுன் எழுதியதைக் குடும்பத்தாருக்குக் காட்டுவது எங்கள் தொழிலில் வழக்கமில்லை. நீங்கள் என்பதால் காட்டுகிறேன். அந்த வடக்கு ஆறு வருடம் மட்டும் ஒரு வரியில் நிற்கிறது. யாழ்ப்பாணத்தில் நான் பத்திரிகையில் பிழை திருத்திக்கொண்டிருந்த காலத்தில் அண்ணா அங்கிருந்து எனக்கு எழுதுவார். கோடையில் சூரியன் மறையாது, இரவு ஒரு மணிக்கும் பந்து விளையாடுகிறோம் என்று ஒருமுறை எழுதியிருந்தார். அப்படிச் சந்தோஷமாக அவர் வேறெப்போதும் எழுதியதில்லை. அங்கே அவரோடு இருந்தவர்கள் யாராவது இருந்தால் விலாசம் தாருங்கள்.

இங்கே நடந்ததைச் சொல்ல வேண்டும். திருமதி ஒலா ப்ரூவர் என்று ஒரு அம்மா, எண்பத்தொரு வயது. 1954இல் இந்த ஊர் மர ஆலையில் கொதிகலன் வெடித்து அவருடைய தகப்பன் ஐசையா இறந்துபோனார். எங்கள் பத்திரிகை கொதிகலனின் விலையை எழுதியிருந்தது, ஆலை இரண்டு நாள் மூடியதை எழுதியிருந்தது. செத்தவரின் பெயரை எழுதவில்லை. போன வாரம் அவருடைய மரணச் செய்தியைப் போட்டோம், எழுபது வருடம் பிந்தி. பத்திரிகையை அந்த அம்மாவிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார்.

“எல்லாருடைய செய்தியும் வருகிற பக்கத்திலேயே போட்டிருக்கிறீர்கள்” என்றார்.

“ஓம் அம்மா.”

“பிறந்த மாதம் பிழை.”

எனக்கு நிலத்தில் புதைந்துவிடலாம் போலிருந்தது. கல்லறைக் கல்லில் இருந்ததை அப்படியே எழுதினேன், அவரிடம் கேட்கவில்லை. கல் வெட்டியவன் விட்ட பிழை அது. இந்த வாரம் இரண்டாம் பக்கத்தில் திருத்தம் போடுகிறோம். ஒரே இடத்தில் கேட்டு எழுதினால் இப்படித்தான். அதனால்தான் உங்களையும் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

அன்புடன்
ஆன்ட்ரியாஸ்

---

புருசெத்
11.07.2024

அன்புத் தம்பிக்கு,

சுகம். நீ எழுதியது நன்றாக இருக்கிறது. அண்ணி வாசித்து அழுதார். ஒன்றும் மாற்றத் தேவையில்லை. வடக்கில் இருந்தவர்கள் இப்போது எங்கே என்று எனக்குத் தெரியாது. அந்த வரி அப்படியே இருக்கட்டும். ஒக்டோபரில் அச்சுக்குக் கொடுக்கிறார்கள்.

வெயிலில் அலையாதே.

அக்கா

---

ஹார்லன் க்ரீக்
03.09.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்களும் அண்ணியும் சுகமாயிருக்க வேண்டும். இந்தக் கடிதத்தைத் தனியே இருந்து வாசியுங்கள்.

போன வாரம் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் மேரின் என்று துரொண்ட்ஹெய்மில் பள்ளி ஆசிரியை, வயது முப்பத்துநாலு. விடுபட்டவர்களைப் பற்றி நான் எழுதுகிறவற்றை இணையத்தில் தேடி வாசித்திருக்கிறார். எங்கள் குடும்பப் பெயரை வைத்து என்னைக் கண்டுபிடித்திருக்கிறார். அவர் எழுதியதை அப்படியே தமிழில் தருகிறேன்.

“ஜோர்ஜ் என்னுடைய அப்பா. பின்மார்க்கில் பிறந்தேன். என் பிறப்புப் பதிவில் அம்மா அவருடைய பெயரைப் போடவில்லை. நோர்வேப் பத்திரிகையில் மரண அறிவித்தலைப் பார்த்து ஒஸ்லோவுக்கு வந்தேன். கோயிலில் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தேன். என்னை ஆசிரியைகளில் ஒருத்தி என்று நினைத்து யாரோ ஒருவர் எனக்குத் தேநீர் தந்தார். பிள்ளைகளின் பெயரை வாசித்தபோது இரண்டு பெயர் வாசித்தார்கள். நீங்கள் உங்கள் பத்திரிகை விட்ட பெயர்களைத் தேடுகிறீர்கள். என்னுடையதை விட்டது யார்?”

அக்கா, கூடவே ஒரு படமும் அனுப்பியிருந்தார். மீன் பெட்டி மேல் அண்ணா இருக்கிறார், மடியில் குழந்தை. அண்ணாதான், ஐயமில்லை.

அறிவித்தலை எழுதிக் கொடுத்தது நீங்கள் என்று றஜீவ் சொன்னான். உங்களுக்குத் தெரியுமா? தெரிந்துதான் எனக்கு ‘அவ்வளவுதான்’ என்று எழுதினீர்களா?

ஆன்ட்ரியாஸ்

---

ஹார்லன் க்ரீக்
14.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஆறு வாரம் ஆகிறது. உங்களுக்குச் சுகமில்லையோ என்று பயந்து றஜீவை அழைத்தேன். அத்தை கோயிலுக்குப் போகிறா, சமைக்கிறா, சுகமாகத்தான் இருக்கிறா என்றான். வேறொன்றும் நான் அவனிடம் கேட்கவில்லை.

நான் எழுதியதை அச்சுக்குக் கொடுக்க வேண்டாம் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். திருத்தம் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். மேரினுக்கு இன்னும் நான் பதில் எழுதவில்லை. ஒருவர் சொன்னதை மட்டும் வைத்து எழுதக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன், என் அக்கா சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நாலு பக்கம் எழுதிவிட்டேன். இப்போது அந்தப் பிள்ளைக்கு என்ன எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை.

எழுதுங்கள் அக்கா. என்னவென்றாலும் எழுதுங்கள்.

தம்பி

---

புருசெத்
10.11.2024

தம்பி,

உன் இரண்டு கடிதமும் வந்தன. பதில் எழுத நாலு தரம் உட்கார்ந்து, நாலு தரமும் கிழித்துப் போட்டேன். என் சுகத்தைப் பற்றி இம்முறை எழுதவில்லை.

எனக்குத் தெரியும். முதலிலிருந்தே தெரியும். 1993இல் அண்ணி வருவதற்கு இரண்டு மாதம் முன் அண்ணா ஒஸ்லோவில் என் அறைக்கு வந்து சொன்னார். பிள்ளைக்கு அப்போது மூன்று வயது. மேரின் என்ற பெயர் அண்ணா வைத்தது. “அண்ணி வந்தபிறகு அங்கே போகக்கூடாது” என்று நான்தான் அண்ணாவிடம் சத்தியம் வாங்கினேன். ஊரில் ஆறு வருடம் போரில் தனியே காத்திருந்த பெண்ணுக்கு இந்தச் செய்தியையா கொடுப்பது என்று கேட்டேன்.

பிள்ளையின் தாய் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். பிள்ளை எழுதினால் அண்ணா பதில் எழுதலாம், தானாக எழுதக்கூடாது. பிள்ளைக்கு எட்டு வயதானபோது, கிறிஸ்து பிறப்புக்கு வாழ்த்துச் சொல்லி முதல் நத்தார் அட்டை என் விலாசத்துக்கு வந்தது. அடுத்தடுத்த வருடமும் வந்தது. அண்ணா இங்கே வந்து வாசித்து, என் மேசையிலேயே பதில் எழுதிப் போடுவார். 2001 மார்கழியில் டிலக்சி பிறந்திருந்தாள். அண்ணிக்கு உடம்பு மிகவும் முடியாமல் கிடந்தது. ஒருநாள் எனக்கு உதவியாகத் தபால் பெட்டியைத் திறந்தவர், அந்த அட்டையையும் கையில் கொண்டு வந்தார். “இதென்ன யூலி, உம்முடைய அண்ணாவின் பெயர் போட்டிருக்கு?” என்றார். பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று அனுப்பியது என்றேன். நம்பினார்.

அதற்குப் பிறகு வந்தவற்றை நான் அண்ணாவிடம் கொடுக்கவில்லை.

ஏழு அட்டை. அந்தப் பிள்ளைக்குப் பதினெட்டு வயதாகும் வரை ஒவ்வொரு வருடமும் வந்தன. எரிக்க மனம் வரவில்லை. கட்டடத்தின் கீழே நிலவறையில் சாமான் வைக்க என் வீட்டுக்கென்று ஒரு கம்பிக்கூடு இருக்கிறது, அங்கே பனிச்சப்பாத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். அப்பா மறந்துவிட்டார் என்று அவள் நினைத்தாள். பிள்ளை மறந்துவிட்டது என்று அண்ணா நினைத்தார். நடுவில் நான் ஞாயிறு தவறாமல் நற்கருணை வாங்கிக்கொண்டிருந்தேன்.

அடக்கத்தன்று கடைசி வாங்கில் அவளைக் கண்டேன். அண்ணாவின் அதே நெற்றி. தேநீர் கொடுத்தது நான்தான் தம்பி.

யூலியா

---

ஹார்லன் க்ரீக்
04.12.2024

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. அதை வாசித்த அன்று வேலைக்குப் போகவில்லை.

யாழ்ப்பாணப் பத்திரிகையில், போர்க்காலத்தில் நாங்கள் பெயரை விட்டதெல்லாம் பயத்தில். போட்டால் இன்னொரு உயிர் போகும் என்று பயம். இந்த ஊரில் பெயரை விட்டவர்கள், அது ஒரு பெயரே இல்லை என்று நினைத்தவர்கள். நீங்கள் விட்டது அன்பினால் என்று எனக்குத் தெரியும். ஆனால் விடுபட்டவருக்கு மூன்றும் ஒன்றுதான். உங்களைத் தண்டிக்க எனக்கு மனமில்லை, மன்னிக்கிற உரிமை எனக்கில்லை.

ஒன்று மட்டும் என்னால் முடியாது. மேரினின் பெயர் இல்லாமல் அந்த நாலு பக்கமும் என் பெயரில் வரக்கூடாது. அண்ணியிடம் நீங்களே சொல்ல வேண்டும், நான் சொன்னால் அது வேறாகிவிடும். அட்டைகளை மேரினிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். தபாலில் போட வேண்டாம்.

மேரினுக்கு எழுதிவிட்டேன். நீங்கள் சொன்னவர் உண்மையாகவே என் அண்ணாதான், உங்கள் பெயர் விடுபட்டது எங்கள் குடும்பத்தின் பிழை என்று எழுதினேன். அட்டைகளைப் பற்றிச் சொல்லவில்லை. அது உங்கள் வாயால் வர வேண்டியது.

குளிர் கூடும் மாதம். சூடாக உடுத்துங்கள்.

தம்பி ஆன்ட்ரியாஸ்

---

புருசெத்
26.01.2025

அன்புத் தம்பிக்கு,

நீ சுகமாயிருக்க மன்றாடுகிறேன். எனக்குத் தடிமலும் இருமலும், வேறொன்றுமில்லை.

அண்ணியிடம் நத்தாருக்கு நாலு நாள் முன் சொன்னேன். கோப்பை கழுவிக்கொண்டு நின்றார். முழுவதையும் கேட்டுவிட்டுத் தண்ணீரை நிறுத்தினார்.

“எனக்குத் தெரியாமல் இருந்தால் நல்லது எண்டு ஆர் முடிவெடுத்தது?” என்றார்.

“உங்களுக்காகத்தான் அண்ணி...”

“உம்மை ஆர் எனக்காண்டிப் பொய் சொல்லச் சொன்னது? அந்த மனிசன் முப்பது வருசம் என்னோடை இருந்து மனசுக்குள்ளை அழுதிருக்கு. நான் சண்டை பிடிச்சிருப்பன், ஓம். பிடிச்சிட்டு ஒருநாள் விட்டிருப்பன். அதைக்கூட நீர் எனக்குத் தரேல்லை.”

அன்று மாலையே உடுப்பை எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டார். இன்னும் என்னோடு கதைப்பதில்லை. ஆனால் நீ மறித்து வைத்த நினைவு மலரைத் திருத்தியது அவர்தான். மேரினின் பெயரைக் கடைசியாகப் போடவோ என்று றஜீவ் கேட்டிருக்கிறான். “மூத்தது எண்டா முதல்லை போடு” என்றாராம். ‘மேரின், றஜீவ், டிலக்சி ஆகியோரின் அன்புத் தந்தை’ என்று அச்சாகியிருக்கிறது. பிரதி ஒன்று உனக்கு அனுப்புகிறார்கள். ஆண்டுத் திருப்பலிக்கு வரும்படி றஜீவ் அவளுக்கு எழுதினான். அவள் வரவில்லை.

பதினெட்டாம் திகதி நான் ரயிலில் துரொண்ட்ஹெய்மிற்குப் போனேன். ஏழு மணித்தியாலம். வருகிறேன் என்று முன்பே எழுதியிருந்தேன், வர வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. கதவைத் திறந்து என்னைப் பார்த்தவுடன், “தேநீர் தந்தவர்” என்றாள். உள்ளே கூப்பிடவில்லை. வாசல் நடையில் ஒரு கதிரையைக் காட்டினாள். நான் மேலங்கியோடே அதில் உட்கார்ந்தேன்.

பெட்டியைக் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். பெட்டியைத் திறந்து உறைகளைப் புரட்டிப் பார்த்தாள். உறைமேல் சிறுபிள்ளை எழுத்து, வருடம் போகப் போக நேராகிக்கொண்டு வருகிறது.

“ஒன்றும் உடைக்கவில்லை. நீங்களும் வாசிக்கவில்லையா?”

“இல்லை.”

“அப்படியென்றால் இவற்றை யாருமே வாசிக்கவில்லை.”

உறைகளைத் திரும்பப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டே அவள் கேட்டாள்.

“அவர் கேட்டாரா?”

இதை உனக்கும் நான் எழுதவில்லை தம்பி. அண்ணா கேட்டார். ஒவ்வொரு மார்கழியும் வேலை முடிந்து நேரே இங்கே வருவார். சப்பாத்தைக் கழற்றமாட்டார், வாசலிலேயே நின்று, “ஏதும் வந்ததோ?” என்பார். இல்லை அண்ணா என்பேன். “சரி, தபால் பிந்தும்” என்று சொல்லிவிட்டுப் போவார். தை மாதமும் ஒருமுறை வருவார். ஏழு வருடமும் அப்படித்தான் வந்தார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார்.

அதையெல்லாம் அவளிடம் சொன்னேன். அவள் சுவரில் சாய்ந்து நின்றாள்.

“கேட்கவில்லை என்று நீங்கள் சொல்லியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்” என்றாள்.

பொய் சொல்லியிருக்கலாம். எனக்குப் பழகினதுதானே. வாய் வரவில்லை.

“ரயில் எத்தனை மணிக்கு?” என்று கேட்டாள். நாலு மணிக்கு என்றேன். மணிக்கூட்டைப் பார்த்தாள், ஒன்றரை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய் அறைக் கதவைச் சாத்தினாள். நான் அந்தக் கதிரையிலேயே இருந்தேன். அவள் ஒவ்வொரு உறையாகக் கிழித்துத் திறக்கிற சத்தம் கேட்டது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் வெகுநேரம் எடுத்தாள்.

உன் அக்கா
யூலியா